இடப்பக்கத்துக் கைப்பிடி

எங்கள் மாடியில் குடியிருந்தவரிடம் சுத்தியல் கிடையாது. கும்மிடிப்பூண்டியில் பிளாஸ்டிக் அச்சு செய்யும் கம்பெனியில் டூல் ரூம் வேலை பார்த்த மனிதர். அறை முழுக்க அரம், ஸ்பேனர், எண்ணெய் டப்பா என்று சாமான்கள் நிரம்பிக் கிடக்கும். காலண்டர் மாட்ட ஆணி அடிக்க வேண்டும் என்று ஒரு நாள் போய் நின்றபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

"சுத்தியல் பக்கத்துல இருந்தா கை அதத்தான் தேடும் தங்கச்சி. அதான் வெச்சிக்கறதில்ல" என்றார்.

"அப்போ ஆணிய இன்னா பண்றது?"

"உங்க அம்மாகிட்ட அம்மிக் குழவி இருக்குமே."

குழவியால் அடித்து ஆணி வளைந்து சுவரில் காரையும் பெயர்ந்தது. அவர் வந்து பார்த்துவிட்டு, மாடிப்படி ஏறும்வரை அடக்கிக்கொண்டு, மேலே போய்ச் சிரித்தார். கீழே எங்களுக்கு நன்றாகவே கேட்டது.

வேலை நேரம் போக அவர் செய்தது தூண்டில் ரீல் ரிப்பேர். கழியின் அடியில் பொருத்தியிருக்குமே, கைப்பிடியைச் சுற்றினால் தங்கூஸ் நரம்பு என்கிற நைலான் இழை சுருண்டு ஏறுமே, அந்தச் சாமான்தான். பழவேற்காட்டுப் பக்கம் லீவு நாளில் தூண்டில் போடப் போகிறவர்கள் நிறையப் பேர். உப்புத் தண்ணீர் பட்ட ரீலைக் கழுவாமல் பையில் போட்டு வைப்பார்கள். அடுத்த முறை எடுத்தால் கைப்பிடி அசையாது. அப்போது இவரைத் தேடிக்கொண்டு எங்கள் கேட்டைத் தட்டுவார்கள். "ரீல் சாமி இருக்காரா?" என்று கேட்பார்கள். புதிதாக வருபவர்கள் யாரோ பெரிய கதை விடுகிறவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அதிலும் தப்பில்லை, தன் கைராசியைப் பற்றி ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார். மெட்ராஸில் யாருமே முடியாது என்று திருப்பி அனுப்பிய ரீலைத் தான் ஓட வைத்த கதையை எனக்கு மட்டுமே நாலைந்து விதமாகச் சொல்லியிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால் அவர் ஒரு மீனையும் தொட்டது கிடையாது. திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்கிற வைணவக் குடும்பம். அண்ணன் மடப்பள்ளியில் இருக்கிறார். அண்ணன் போனில் வந்தால் "சொல்லுங்கோண்ணா, சாப்ட்டாச்சு" என்பார். போனை வைத்த கையோடு வாசலில் நிற்பவரிடம் "இன்னா சார், இத கடல்லயே விட்டுட்டு வந்திருக்கலாமே" என்பார். இரண்டு பேச்சும் ஒரே வாயிலிருந்து வருவதைக் கேட்க அம்மாவுக்கு அலுக்கவே அலுக்காது.

வீடு பார்க்க வந்த அன்றைக்கே அம்மா உடைத்துச் சொல்லிவிட்டாள். "எங்க ஊட்டுல மீன் கொழம்பு வெச்சிக்கினே இருப்போம். உங்களுக்கு ஒத்துக்குமா?"

"உங்க கொழம்பாவது அன்னன்னிக்கி வாசனை. நான் கொண்டார பெட்டியில இருக்கறது ஆறு மாசத்து வாசனைம்மா. அத நீங்க பொறுத்துக்கணும்" என்றார். அம்மா அப்போதே சாவியைக் கொடுத்துவிட்டாள்.

கல்யாணம் ஆகவில்லை. நாற்பதைத் தாண்டியிருந்தார். ஏன் என்று அம்மா ஒரு நாள் நேரடியாகவே கேட்டதற்கு, "பொண்ணு ஊட்டுக்காரங்க ரொம்ப அவசரப்பட்டாங்கம்மா" என்று பதில் வந்தது. அவசரம் என்பதைக் கெட்ட வார்த்தை மாதிரிதான் அவர் சொல்வார்.

ரீலைக் கையில் வாங்கியதும் திருகுகளைத்தான் முதலில் பார்ப்பார். கட்டிங் பிளேயர் போட்டுத் திருகிய தடம் இருந்தால் போச்சு. "இது யார் கடிச்ச பல்லு?" என்று ஆரம்பிப்பார். வந்தவர் பெரிய கம்பெனி மேனேஜராக இருந்தாலும் அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான். திட்டி முடித்த பிறகு வேலை. டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து சொட்டு விட்டு ஊறப்போடுவார். வெந்நீர் ஒற்றடம் கொடுப்பார். பிறகு, கழற்ற வேண்டிய திருகை முதலில் மயிரிழை இறுக்குவார், அப்புறம்தான் தளர்த்துவார். மறுபடி இறுக்கி மறுபடி தளர்த்துவார். கழற்றியதை எல்லாம் கழற்றிய வரிசையில் ஒரு பழைய இட்லித் தட்டின் குழிகளில் வைப்பார். குழிக்கு ஒரு வாஷர், குழிக்கு ஒரு ஸ்பிரிங். அந்தத் தட்டைத் துடைக்கிறேன் என்று நான் ஒரு தடவை கை வைத்தபோதுதான் அவர் என்னிடம் குரல் உயர்த்தினார்.

எனக்குப் பொறுமை குறைவு. சோறு வேகுமுன்னே மூடியைத் திறந்து திறந்து பார்க்கிற ஜாதி நான். மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் "ஆச்சாண்ணே?" என்று கேட்பேன். "இன்னிக்கு அது கொஞ்சம் யோசிக்குது. நாளைக்குப் பாக்கலாம்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் காலி செய்து போய்ச் சில வருஷம் ஆகிறது. கம்பெனியே வேறு ஊருக்கு மாறியது, கூடவே போய்விட்டார். அவரை நினைத்தால் எனக்கு எங்கள் அப்பா, அதாவது நைனா, இல்லாமல் நினைக்க வராது. அதனால் நைனாவைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும்.

நைனா நெல் பயிரிட்டவர். அறுவடை முடிந்து கை சும்மா இருக்கும் நாளில் சாயங்காலம் ஏரிக்கரையில் தூண்டிலோடு உட்காருவார். ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். கால் கொஞ்ச நாளில் தேறியது, கோலூன்றி நடந்தார். பேச்சு குழறினாலும் எங்களுக்குப் புரிந்தது. வலது கை மட்டும் திரும்பவில்லை. தோளிலிருந்து சும்மா தொங்கியது.

இடது கையால் சாப்பிடப் பழக்குங்கள் என்று டாக்டர் சொன்னார். நைனா தட்டைத் தள்ளிவிட்டார்.

"பீச்சாங்கையாலயா... சோறு துன்றது?" என்றார். அந்த வாக்கியத்தை மட்டும் குழறாமல் சொன்னார்.

ஊட்டிவிடலாம் என்றால் அதற்கும் வாய் திறக்க மாட்டார். அம்மாவுக்காக இரண்டு வாய் வாங்குவார், பிறகு உதட்டை இறுக்கிக்கொள்வார். நாங்கள் கெஞ்சினோம், கோபித்தோம், ஸ்பூன் வாங்கி வந்தோம். இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தால் அது தரையில் கிடக்கும். அறுவடை முடிந்தால் ஊருக்கே அண்டா அண்டாவாகப் பொங்கிப் போட்ட மனிதர், சட்டை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்தார். "இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போனா மூக்குல டியூப் போட வேண்டி வரும்" என்று டாக்டர் சொன்ன அன்று அம்மா பஸ்ஸிலேயே அழுதாள்.

தேர்வாய் கண்டிகையில் ஷிப்ட் வேலை பார்க்கிற என் தம்பிக்கு ஒரு யோசனை தோன்றியது. பரணிலிருந்து நைனாவின் தூண்டிலை இறக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தான். நைனா வலப்பக்கம் இருந்த கைப்பிடியைப் பார்த்தார். தொங்குகிற தன் கையைப் பார்த்தார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாடியிலிருந்து இறங்கி வந்தவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்ததும் தம்பியிடம், "அந்த மாடல்ல கைப்பிடிய எந்தப் பக்கம் வேணும்னாலும் மாட்டலாம்டா. இடப்பக்கமும் ஓட்டை இருக்கு, மேல ஒரு மூடி போட்டு மூடி வெச்சிருக்கான், அவ்ளோதான். வெச்சிட்டுப் போ, நான் பாக்கறேன்" என்றார்.

தம்பி என் கூடப் பிறந்தவன் ஆயிற்றே. வைத்துவிட்டுப் போவானா? கட்டிங் பிளேயரை எடுத்து மூடியைத் திருகினான். திருகத் திருக அது இறுகியது. இடப்பக்கத்து மரை எதிர்த்திசையில் ஓடும் என்பது அவனுக்குத் தெரியாது. மூடி முழுக்கப் பல்லு. வலப்பக்கத்துக் கைப்பிடியையாவது கழற்றலாம் என்று பக்கத்து வீட்டுச் சுத்தியலை வாங்கி வந்து ஒரு போடு போட்டான். துருவேறிய கைப்பிடி வளைந்து, அடியோடு முறிந்தது.

சாயங்காலம் அதை அவரிடம் கொண்டு போனபோது அவர் திட்டவில்லை. அதுதான் தம்பிக்குப் பயமாக இருந்தது. முறிந்த துண்டை இட்லித் தட்டின் ஒரு குழியில் வைத்தார். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. எட்டாவது நாள் காலையில், "வண்டிய எடு, பழவேற்காடு போவணும்" என்றார்.

அந்த மாதிரி ரீல் இப்போது வருவதில்லை. அதே ரகத்தில் செத்துப்போன இன்னொன்று எங்கேயாவது கிடைத்தால் அதன் கைப்பிடியைக் கழற்றி இதற்குப் போடலாம். அங்கே படகுக்காரர்களிடமும், வலை பின்னுகிறவர்களிடமும், கடைகளிலும் விசாரித்து ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் டீ குடிக்க ஒதுங்கிய கடையில், முன்பக்கத் தார்ப்பாய் காற்றில் பறக்காமல் இருக்கக் கயிற்றில் ஒரு கனம் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அது ஒரு ரீல். நைனாவின் ரீலுக்குக் கூடப் பிறந்தது.

மீதியைத் தம்பி வந்து வயிறெரிந்து சொன்னான். "கேட்டு வாங்கிக்கினு வரலாம்ல? கேக்கவே மாட்டேன்றாருக்கா! ஒரு டீ, இன்னொரு டீ, அப்பறம் இன்னொரு டீ. கடைக்காரன் அடுப்புத் திருகு மாட்டிக்கினு பேஜாரா கீதுன்னு பொலம்புனான். சாமி எழுந்துபோய் உக்காந்துகினாரு. அடுப்ப நிறுத்தி, ஆற வெச்சி, அத நோண்டி நோண்டி சரி பண்ணாரு. வெயில் மண்டையப் பொளக்குது. அப்பவும் ரீலப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. கடசில அந்த ஆளே, 'இன்னா சாமி, வந்ததுலேர்ந்து அந்த ரீலையே பாத்துக்கினு கீற, வோணும்னா எடுத்துக்கினு போயேன்'னான். அதுக்கு பதிலா தொங்கவுட என்னத்தான் செங்கல் பொறுக்கிக்கினு வரச் சொன்னாரு."

நான் மாடிக்குப் போய்க் கேட்டேன். "ஏண்ணே, கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டானா?"

"குடுத்திருப்பான். ஒருவேளை இல்லன்னும் சொல்லியிருப்பான். இல்லன்னு ஒரு தடவை வாயால சொல்லிட்டான்னு வெச்சிக்கோ, அப்பறம் குடுக்கணும்னு அவனுக்கே தோணினாலும் கை நீளாது. மானம் வந்து குறுக்க நிக்கும். அதான், ஒருத்தர இல்லன்னு சொல்ல வெக்கவே கூடாது."

அப்போது நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நாங்கள் நைனாவை ஒரு நாளைக்கு எத்தனை தடவை 'மாட்டேன்' என்று சொல்ல வைத்துக்கொண்டிருந்தோம் என்பது படுக்கும்போதுதான் உறைத்தது.

டீக்கடை ரீலிலும் கைப்பிடி இறுகித்தான் இருந்தது. அதுவும் பல நாள் யோசித்தது. நைனாவோ நாளுக்கு நாள் வற்றிக்கொண்டிருந்தார். என் பொறுமை போய் ஒரு நாள் அவரிடமே கத்திவிட்டேன். "நீங்க இத ஊறப்போட்டுக்கினே இருங்க, அதுக்குள்ள எங்க நைனா போய்ச் சேந்துடுவாரு!" அவர் முகம் சுருங்கிவிட்டது. அன்றைக்கு அறையில் விளக்கு எப்போது அணைந்தது என்று எனக்குத் தெரியாது. காலையில் கம்பெனிக்குப் போகும்போது மட்டும், "கைப்பிடி வந்துடுச்சு, மூடிதான் பாக்கி" என்று சமையலறை ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தம்பி கடித்துவைத்த மூடியின் இரு பக்கமும் அரத்தால் தேய்த்து ஸ்பேனர் பிடிக்க வாகு செய்து, எதிர்த்திசையில் கழற்றினார். பழவேற்காட்டுக் கைப்பிடி இடப்பக்கம் ஏறியது. பிளாஸ்டிக் நாற்காலியின் கையோடு ஒரு பிவிசி பைப் துண்டைக் கட்டி, அதில் கழியைச் செருகினார். கழியைப் பிடிக்க வேண்டியதில்லை, ஒரு கை போதும்.

அடுத்த நாள் காலை அந்த நாற்காலியை வாசலில் நைனா வழக்கமாக வெயில் காயும் இடத்தில் போட்டார். நரம்பின் நுனியில் ஈயக்குண்டு கட்டி, வாசலின் குறுக்கே கேட் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்ப் போட்டார். நைனா வந்து உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் சுற்றி வந்து நின்றோம். "நான் வரேன் நைனா, நேரமாயிடுச்சு" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் போயே போய்விட்டார். சுற்றிப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை கிடையாது.

நைனா அதைத் தொடவில்லை. தண்ணீர்க் குடத்தோடு வந்த அம்மாதான் நரம்பில் தடுக்கி விழப் பார்த்தாள். "இன்னாய்யா இது, நடக்குற எடத்துல கட்டிவெச்சிட்டுப் போயிகீறாரு" என்று கத்தினாள். சாயங்காலம் அவரிடம் சொன்னேன். "அடடா, சுத்தி வெக்க மறந்துட்டேனே" என்றார். ஒரு வாஷரைக்கூட மறக்காத மனிதர். மறுநாளும் அதே மாதிரி இழுத்துப் போட்டுவிட்டு மறந்தார். அதற்கு அடுத்த நாளும் மறந்தார்.

அன்றைக்கு நான் ஈரத்துணி வாளியோடு வந்தேன். நரம்பு காலில் மாட்டிக்கொண்டது. "நைனா, நூலு! நூலு!" என்று அலறினேன். நைனாவுக்கு எரிச்சல் வந்தது. "கண்ணு... தெரியல?" என்று என்னைத் திட்டிக்கொண்டே இடது கையை நீட்டி மளமளவென்று சுற்றினார். என் கால் விடுபட்டது. குண்டு தரையில் உருண்டுவந்து கழி நுனியில் மோதி நின்றது. நைனா தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு நான் வீட்டுக்குப் பின்னால் போய் அழுதேன். அந்த மாடிக்காரர் மேல் எனக்கு வந்த பிரியம் அன்றைக்கு வந்ததுதான், இன்னும் குறையவில்லை.

பிறகு நைனாவே சுற்றினார். காலையில் யாராவது நரம்பை இழுத்துப் போடாவிட்டால் கோலால் தரையில் தட்டுவார். சுற்றுவது நிதானப்பட்டது, விரல்கள் பிடிக்கக் கற்றன. சட்டைப் பொத்தானைக்கூட அந்தக் கையாலேயே போட்டுக்கொண்டார். சோறு மட்டும் இல்லை. அதை நாங்கள் பேச்செடுத்தாலே முகம் சுவருக்குத் திரும்பிவிடும். டாக்டர் சொன்ன கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி நாற்காலியோடு அவரை ஆட்டோவில் ஏற்றி ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். உள்ளங்கை அகலத்தில் ஒரு ஜிலேபி மீனோடு வந்தார்கள். நைனா பிடித்தது. அம்மா ஒற்றை மீனைக் குழம்பு வைத்தாள். வீடே மணந்தது. தட்டில் சோறு, குழம்பு, முழு மீன். நைனா தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா பிசைந்து ஒரு வாய் நீட்டினாள். உதடு இறுகியது. நீ பிடித்த மீன்தானே என்று கேட்க என் வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்போது மாடிக்காரர் இறங்கி வந்தார். கையில் அவருடைய தட்டு, அதில் தயிர்சாதம். குடி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் தண்ணீர் குடித்திருக்கிறாரே தவிர, உட்கார்ந்து சாப்பிட்டது இல்லை. நேராக வந்து நைனாவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டார்.

"மேல ஒண்டியா சாப்ட போரடிக்குது நைனா. வலது கையெல்லாம் ஆயிலு, எவ்ளோ கழுவினாலும் போவ மாட்டேங்குது" என்றார். வலது கையை மடியில் போட்டுக்கொண்டு இடது கையால் தயிர்சாதத்தைப் பிசைய ஆரம்பித்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். மடப்பள்ளிக் குடும்பத்துப் பிள்ளை. அவர் அம்மா இருந்து பார்த்திருந்தால் தட்டைப் பிடுங்கியிருப்பாள். அவருக்கு அந்தக் கையால் பிசையவே வரவில்லை. விரல் சந்தில் தயிர் வழிந்து முழங்கைக்குப் போனது. வாய்க்குக் கொண்டுபோன கவளம் பாதி பனியனில் விழுந்தது. மூக்கில் ஒரு பருக்கை. அவர் பாட்டுக்கு அடுத்த கவளத்துக்குப் போனார், அதுவும் விழுந்தது.

நைனா பார்த்துக்கொண்டே இருந்தார். வாயோரம் கோணியது. முதலில் அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு.

"அப்டி இல்ல... சாமி" என்றார். "வெரல... கூட்டு."

"எப்டி நைனா?"

"இப்டி." நைனாவின் இடது கை தட்டுக்குள் இறங்கியது. குழம்புச் சோற்றை விரல் நுனியால் கூட்டி, உருட்டி, ஒரு பருக்கை சிந்தாமல் தூக்கிக் காட்டியது. காட்டிய கவளத்தை எங்கே வைப்பது? வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். அவருக்கே ருசித்திருக்க வேண்டும். மீனின் பக்கத்தில் கை போனது.

"இன்னொரு வாட்டி காட்டுங்களேன், பிடிபடல" என்றார் மாடிக்காரர்.

நைனா இன்னொரு வாட்டி காட்டினார். அப்புறம் யாரும் கேட்காமலே காட்டினார். தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. அம்மா சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து நைனா தட்டில் சோறும் குழம்பும் போட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். அந்தக் கண்ணோடு எதுவும் தெரியாமல் அடுத்த கரண்டிக் குழம்பை எதிர்த் தட்டுக்கும் கொண்டுபோய்விட்டாள்.

"அம்மா, அம்மா, எனக்கு வேணாம்மா!" என்று அலறிக்கொண்டு, தயிர் வழிகிற இடது கையாலேயே அவர் தட்டை மூடிக்கொண்டார்.